நிப்பு மாற்று: ஆறாம் எண் ஸ்டப் கொடுத்து ஃபைன் பெற விருப்பம் (நாகர்கோவில் சுற்றுவட்டாரம்)

வடசேரி வாசகன்

அனைவருக்கும் வணக்கம். கையால் கடைந்த கறுப்பு எபொனைட் (கட்டையாக இறுக்கிய ரப்பர்) பேனா ஒன்று என்னிடம் உள்ளது. அதில் ஜோவோ நிறுவனத்தின் ஆறாம் எண் எஃகு நிப்பு, 1.1 மில்லிமீட்டர் அகலமுள்ள ஸ்டப் என்னும் தட்டை முனையுடன் பொருத்தப்பட்டிருக்கிறது. நிப்பில் எந்தக் குறையும் இல்லை. ஆனால் நான் அதைக் கொண்டு எழுதுவது பெரும்பாலும் கோடு போட்ட நோட்டில் வீட்டு வரவு செலவும், படிக்கும் நூல்களிலிருந்து எடுக்கும் குறிப்புகளும்தான். எழுத்தைச் சிறிதாக்கினால் ‘ண’வின் சுழிகள் மையால் அடைபட்டு, ‘ண’ எது ‘ன’ எது என்று மறுநாள் எனக்கே ஐயம் வருகிறது. ஆகவே, இந்த ஸ்டப்பைக் கொடுத்துவிட்டு மெல்லிய கோடு எழுதும் ஒரு ஃபைன் நிப்பைப் பெற்றுக்கொள்ள விரும்புகிறேன்.

கேட்க வேண்டியவை இரண்டு. நண்பர் ஒருவர் தம்மிடமுள்ள பாக் நிறுவனத்தின் ஆறாம் எண் ஃபைன் நிப்பைத் தருவதாகச் சொல்கிறார். எண் ஒன்றாக இருப்பதால் அது என் பேனாவில் பொருந்திவிடுமா? அடுத்தது, நிப்பை மட்டும் மாற்றிவிட்டு அதன் அடியிலுள்ள நாக்கை அப்படியே வைத்துக்கொண்டால், மை இறங்கும் அளவு ஃபைன் நிப்புக்கு ஏற்றபடி குறையுமா, அல்லது ஸ்டப்புக்கு வந்த அளவே வந்துகொண்டிருக்குமா?

தக்கலை ஓய்வாசிரியர்

முதல் கேள்விக்கு நேரான விடை: நிப்பு உட்காரும், ஆனால் சரியாக உட்காரும் என்று உறுதி சொல்ல முடியாது. ஐந்து, ஆறு என்று இன்று வழங்கும் எண்கள் நாக்கின் தடிமனை மில்லிமீட்டரில் ஏறத்தாழக் குறிப்பவை. அந்த ‘ஏறத்தாழ’ என்பதில்தான் சிக்கல் இருக்கிறது. ஜோவோவும் பாக்கும் ஜெர்மனியில் நிப்பு செய்பவர்கள். இருவரும் ஆறாம் எண் என்று விற்பவை பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். ஆனால் அடிப்பாகத்தின் வளைவும் நாக்கின் தடிமனும் இம்மியளவு வேறுபடும். நம் ஊர்ப் பேனாக்காரர்கள் எண்ணைச் சொல்லாமல் 35 மில்லிமீட்டர், 40 மில்லிமீட்டர் என்று நிப்பின் மொத்த நீளத்தைச் சொல்வதால் குழப்பம் இன்னும் கூடுகிறது. 35 என்று சொல்லப்படுவது பெரும்பாலும் ஆறாம் எண்ணுக்கு நெருங்கி வரும், அவ்வளவுதான்.

இரண்டாவது கேள்விதான் முக்கியமானது. நாக்கு என்பது மையைத் தள்ளிவிடும் குழாய் அன்று. அதிலுள்ள மெல்லிய கால்வாய் வழியே மை இறங்க இறங்க, இறங்கிய மைக்கு ஈடாகக் காற்று உள்ளே போக வேண்டும். மிகுதியாக வரும் மையை அதன் செதில்கள் பிடித்து வைத்துக்கொள்ளும். லூயிஸ் வாட்டர்மேன் 1884இல் காப்புரிமை பெற்றதும் இவ்வகைக் கால்வாய் வைத்த நாக்குக்குத்தான். அங்கிருந்து மையைத் தாள்வரை இழுத்துச் செல்வது நிப்பின் நடுப்பிளவு. பிளவு முனையை நோக்கிக் குறுகிக்கொண்டே போவதால் மை தானாகவே முனைக்கு ஏறுகிறது. எனவே எவ்வளவு மை தாளில் இறங்கும் என்பதைப் பிளவின் அகலமும் முனையின் பரப்பும் பெருமளவு தீர்மானிக்கின்றன. ஃபைன் போட்டால் அளவு குறையத்தான் செய்யும். ஆனால் நிப்பின் வயிறும் நாக்கின் முதுகும் ஒன்றோடொன்று ஒட்டியிருக்க வேண்டும். இடையே வெளிச்சம் தெரியும் அளவுக்கு இடைவெளி இருந்தால், எந்த முனையாக இருந்தாலும் பாதி வரியில் மை அறுந்துபோகும்.

ஆகையால் என் ஆலோசனை, நிப்பை மட்டும் மாற்ற வேண்டாம் என்பதே. நிப்பு, நாக்கு, இரண்டையும் பிடித்திருக்கும் மரை போட்ட உறை ஆகிய மூன்றும் சேர்ந்த முழுத் தொகுதியாகவே ஜோவோவுக்கு ஜோவோ மாற்றிக்கொள்ளுங்கள். பாக் தொகுதியின் மரை வேறு என்பதால் அது உங்கள் பேனாவின் கழுத்தில் ஏறாது. வலிந்து திருகினால் கழுத்தின் மரை போய்விடும். எபொனைட்டில் மரை போனால் கடைசல் பட்டறைக்குத்தான் போக வேண்டியிருக்கும்.

மார்த்தாண்டம் பத்திர எழுத்தர்

வடசேரி அண்ணனுக்கு வணக்கம். என்னிடம் ஜோவோ ஆறாம் எண் ஃபைன் தொகுதி ஒன்று பயன்பாட்டில் இருக்கிறது. அதை மாற்றிக்கொள்ள எனக்கும் விருப்பம் உண்டு. ஆனால் பேசி முடிப்பதற்கு முன், ஸ்டப் முனை தமிழுக்கு ஆகாது என்ற எண்ணம் இங்கே வேர்பிடித்துவிடக் கூடாது என்பதற்காகச் சிலவற்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஸ்டப் முனை தட்டையாக வெட்டப்பட்டது. மேலிருந்து கீழே இழுக்கும் கோடு தடித்தும், இடமிருந்து வலமாகப் போகும் கோடு மெலிந்தும் விழும். ‘ப’வை எழுதிப் பாருங்கள்: இரு தூண்களும் தடித்து நிற்க, அடிக்கோடு மயிரிழையாக ஓடும். ‘ட’, ‘ம’, ‘ய’ ஆகியவையும் இதே போல எழிலாக வரும். இதற்கு நேர்மாறாக, ஆர்க்கிடெக்ட் என்று சொல்லப்படும் முனை கிடைக்கோட்டைத் தடித்தும் நெடுங்கோட்டை மெலிந்தும் எழுதும். ‘க’, ‘த’, ‘ச’ ஆகியவற்றின் கிடைக்கோடுகளுக்கு அது ஒரு தனிக் கம்பீரம் தருகிறது. சிக்கல் சுழிகளில்தான். ‘ண’வுக்குள் இருக்கும் சுழிகளுக்கு இடம் வேண்டுமானால், எழுத்தின் உயரம் கோட்டின் தடிமனைப் போலப் பல மடங்கு இருக்க வேண்டும். 1.1 ஸ்டப்பில் அது தலைப்பெழுத்தின் அளவு. கணக்கு நோட்டின் அளவன்று.

நிப்பைச் சோதிக்க எட்டுப் போட்டுப் பார்ப்பதும் கையெழுத்துப் போட்டுப் பார்ப்பதுமே கடைகளில் வழக்கம். அவை போதா என்பது என் கருத்து. எட்டு என்பது தாளை விட்டுக் கையெடுக்காமல் ஓடும் கோடு. ஓடிக்கொண்டிருக்கும் நிப்பு ஏறக்குறைய எப்போதும் எழுதும். தமிழில் நிப்பு மாட்டிக்கொள்ளும் இடம் புள்ளி. மெய்யெழுத்து ஒவ்வொன்றுக்கும் கையைத் தூக்கி ஒரே ஒரு தொடுதலில் மை இறங்க வேண்டும். முனையின் நடுவில் அளவுக்கு மீறி உருட்டித் தேய்க்கப்பட்ட நிப்புகளில், பிளவின் வாய் தாளைத் தொடாமல் சற்றே மேலே நின்றுவிடும். அத்தகைய நிப்பு எட்டை வழுவழுவென்று போட்டுவிட்டு, புள்ளியை மட்டும் விழுங்கிவிடும். பத்திரத்தில் ஒரு புள்ளி விடுபட்டால் பெயரே மாறும். அதனால் எந்த நிப்பைக் கையில் எடுத்தாலும் ‘மண்ணெண்ணெய்’ என்று சிறிதும் பெரிதுமாகச் சில முறை எழுதிப் பார்ப்பேன். நான்கு ‘ண’, இரண்டு கொம்பு, மூன்று புள்ளி. அடைபடுதல், இழுபடுதல், விழுங்குதல் மூன்றும் அந்த ஒரே சொல்லில் வெளிப்பட்டுவிடும்.

குளச்சல் இடக்கை

இந்த உரையாடலைப் படித்துக்கொண்டிருக்கும் கல்லூரி மாணவி நான். இடக்கையால் எழுதுகிறேன். என்னிடம் லாமி சஃபாரி ஒன்றும் பைலட் மெட்ரோபாலிட்டன் ஒன்றும் இருக்கின்றன. இரண்டிலும் மீடியம் முனை. இடக்கைக்காரர்களுக்குச் சாய்வெட்டு முனைதான் ஏற்றது என்று ஒருவர் சொன்னார். மீடியத்தில் எழுதினால் மை உலர்வதற்குள் என் கை அதன்மேல் படிந்துவிடுகிறது. மழை பெய்யும் நாட்களில் இன்னும் மோசம். சாய்வெட்டு முனைக்கு மாறினால் இது சரியாகுமா? இந்த இரண்டு பேனாக்களிலும் நிப்பை வீட்டிலேயே மாற்ற முடியுமா? சார் விளக்கினால் உதவியாக இருக்கும்.

தக்கலை ஓய்வாசிரியர்

மகளே, சாய்வெட்டு முனை இடக்கைக்காக உருவானது அன்று. பேனாவைப் பிடிக்கும்போது நிப்பை உள்ளங்கைப் பக்கமாகவோ வெளிப்பக்கமாகவோ திருப்பிப் பிடிக்கும் பழக்கம் உள்ளவர்களுக்கு, அந்தத் திருப்பத்திலும் முனை முழுதாகத் தாளில் படிய வேண்டும் என்பதற்காகவே அது சாய்த்து வெட்டப்படுகிறது. வலக்கைக்காரர்களிலும் அப்படிப் பிடிப்பவர்கள் உண்டு. நீ நிப்பைத் திருப்பாமல் நேராகப் பிடிப்பவளாக இருந்தால், சாய்வெட்டு முனையின் ஒரு ஓரம் மட்டும் தாளைக் கீறும்.

உன் தொல்லைக்குக் காரணம் வேறு. வலக்கைக்காரர் நிப்பை இழுத்துக்கொண்டு போகிறார். இடக்கைக்காரர் பெரும்பாலும் தள்ளிக்கொண்டு போகிறார். தள்ளும்போது கூரான ஓரம் தாளில் குத்தும். எனவே உனக்கு வேண்டியது நன்கு உருண்டையான, ஆனால் மெல்லிய முனை. கூடவே சீக்கிரம் உலரும் மை. ஜப்பானிய நிப்புகள் பொதுவாக ஐரோப்பிய நிப்புகளைவிட ஒரு படி மெலிந்து எழுதும் என்பதை நினைவில் கொள். பைலட்டின் ஃபைன் ஏறக்குறைய லாமியின் எக்ஸ்ட்ரா ஃபைனுக்கும் கீழே நிற்கும். மெலிந்த கோட்டில் மை குறைவு. மை குறைந்தால் உலர்வதும் விரைவு.

லாமி சஃபாரியில் நிப்பு மாற்றுவது எளிது. பேனாவைக் கழுவித் துடைத்தபின், நிப்பின் மேல் ஒரு துண்டு செல்லோடேப்பை அழுத்தி ஒட்டி, நேர்முன்னே இழுத்தால் நிப்பு மட்டும் நாக்கின் மேலிருந்து வழுக்கிக்கொண்டு வந்துவிடும். பக்கவாட்டில் ஆட்டக் கூடாது. அதே நிப்பு லாமியின் விஸ்டா, அல்ஸ்டார், ஜாய் ஆகியவற்றிலும் ஏறும். லாமி 2000இல் ஏறாது. மெட்ரோபாலிட்டனில் நிப்பும் நாக்கும் உராய்வுப் பிடியில் நிற்கின்றன. இரண்டையும் சேர்த்துப் பிடித்து இழுக்க வேண்டும். பைலட்டின் ககுனோ, ப்ரெரா, ப்ளூமிக்ஸ் ஆகிய பேனாக்களின் நிப்புகள் அதில் பொருந்தும். ஆகவே விலை குறைந்த ககுனோவில் ஃபைன் வாங்கி, இரண்டுக்கும் இடையே நிப்பை மாற்றிக்கொள்வது சிக்கனமான வழி.

கூடுதலாக ஒன்று. எபொனைட் நாக்கு உள்ள பேனாவில் நிப்பு மாற்றினால், நாக்கைக் கொதிக்கும் நிலைக்கு நெருங்கிய வெந்நீரில் அரை நிமிடம் போல் வைத்தெடுத்து, சூடு ஆறுவதற்குள் புதிய நிப்பின் வயிற்றோடு சேர்த்து அழுத்தினால் அதன் வளைவுக்கு இணங்கிவிடும். உன்னுடைய இரண்டிலும் இருப்பவை பிளாஸ்டிக் நாக்குகள். அவற்றிடம் இந்த வித்தையைக் காட்ட வேண்டாம். நல்ல பேனா வேண்டும் என்பவர்களுக்கு எபொனைட் நாக்கையே நான் எப்போதும் பரிந்துரைப்பேன்.

குலசேகரம் ரப்பர்

சாரின் விளக்கங்களில் பெரும்பகுதியை ஏற்கிறேன். கடைசி வாக்கியத்தை மட்டும் மறுக்க வேண்டியிருக்கிறது. ரப்பர் மரங்களுக்கு நடுவே வாழ்கிறவன் என்பதால் எனக்கு எபொனைட்டின் மீது பற்று இல்லாமல் இல்லை. நம் மாவட்டத்துத் தோட்டங்களில் வடியும் பாலைப் போன்ற ரப்பர்ப் பாலிலிருந்தே அதுவும் பிறக்கிறது. டயருக்கான ரப்பரில் சிறிதளவே கந்தகம் சேரும். எபொனைட்டுக்கு நூற்றுக்கு முப்பது என்ற அளவிலும் கந்தகம் சேர்த்து நெடுநேரம் வேகவைப்பதால், அது கடைசலுக்கு இணங்கும் கட்டையாக இறுகுகிறது. மை அதன்மேல் எளிதில் படரும், சூட்டில் வளைக்கலாம் என்னும் இரண்டும் உண்மையே.

ஆனால் ‘எப்போதும்’ என்பது பொருந்தாது. எபொனைட் நாக்குகளில் பலவற்றில் கால்வாயைத் தனித்தனியே அறுக்கிறார்கள். ஒன்றைப்போல் ஒன்று இருப்பதில்லை. ஆழம் சற்றுக் கூடினால் மை வெள்ளமாக வரும். அச்சில் வார்த்த பிளாஸ்டிக் நாக்கு ஒரே அளவில் வரும். செதில்களும் நுட்பமாக அமையும். நிப்பை அடிக்கடி மாற்றிப் பார்க்க நினைப்பவருக்கு ஒழுங்கான பிளாஸ்டிக் நாக்கே வசதி. அதிலும் மெலிந்த நிப்பை, மிகுதியாக மை தரும் எபொனைட் நாக்கின் மேல் வைத்து, தாளில் மை ஊறிப் பரவிவிட்டதென்று நிப்பைப் பழிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

வடசேரி நண்பரின் பேனா உடலுக்குள்ளேயே மையை ஊற்றிக்கொள்ளும் வகையா என்று தெரிந்தால் நல்லது. அவ்வகைப் பேனாவில் மை மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே இறங்கியபின், கையின் சூட்டில் உள்ளே இருக்கும் காற்று விரிந்து மையைத் தள்ளும். அப்போது நிப்பிலிருந்து சொட்டு விழும். அதற்கும் நிப்பின் அளவுக்கும் தொடர்பில்லை. ஆகவே நிப்பு மாற்றியபின் சொட்டு விழுந்தால் உடனே புதிய நிப்பைக் குறை சொல்லிவிட வேண்டாம். மையை நிரப்பிவிட்டு மீண்டும் பாருங்கள். மேலும், தொகுதியைக் கழற்றி மாட்டும்போது மரையில் சிலிக்கான் கிரீஸ் மெல்லிதாகத் தடவாவிட்டால் அந்த வழியே மை கசியும்.

கழற்றுவதற்குச் சைக்கிள் ட்யூப் துண்டு ஒன்று போதும். நிப்பை மட்டும் பிடித்துத் திருகாமல், நிப்பையும் நாக்கையும் அடியில் சேர்த்துப் பிடித்து இடப்பக்கமாகத் திருகுங்கள். நிப்பை மட்டும் திருகினால் உறை அங்கேயே நிற்க, நிப்பு தனியாகச் சுழன்று நாக்கின் நடுக்கோட்டை விட்டு விலகிவிடும்.

தக்கலை ஓய்வாசிரியர்

‘எப்போதும்’ என்ற சொல்லைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். சூட்டில் இணக்கி வைக்கும் பொறுமை உள்ளவர்களுக்கு மட்டும் எபொனைட்.

ராஜாக்கமங்கலம்

இடையில் ஒரு ஐயம். பேனாவை இரவல் கொடுத்தால் நிப்பு கெட்டுவிடும் என்று பள்ளிக்கூடத்தில் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அப்படியிருக்க, வேறொருவர் எழுதிப் பழகிய நிப்பை வாங்கி மாட்டிக்கொள்வது அறிவுடைமை ஆகுமா?

குலசேகரம் ரப்பர்

அந்தப் பேச்சு வெறும் மூடநம்பிக்கை அன்று. ஆனால் அது பிறந்த நிப்புகள் வேறு. இன்று ஓரளவு தரமான எஃகு நிப்பாயினும் தங்க நிப்பாயினும், தாளைத் தொடும் முனையில் மிகக் கடினமான உலோகக் கலவையால் ஆன சிறு குமிழ் பெரும்பாலும் பற்றவைக்கப்பட்டிருக்கும். வழக்கத்தில் இரிடியம் என்று சொல்கிறோம். நிப்பின் மீதும் அப்படிப் பொறித்திருப்பார்கள். உண்மையில் இக்காலத்துக் குமிழ்களில் ருத்தேனியம், ஆஸ்மியம், டங்ஸ்டன் போன்றவையே பெரும்பங்கு. அது தேய்வதற்கு ஆண்டுக்கணக்கில் எழுத வேண்டும். ஒரு தேர்வுக்கு இரவல் கொடுத்ததால் அதன் வடிவம் மாறிவிடாது.

குமிழே இல்லாமல், எஃகையே முனையில் மடக்கி உருட்டிவிட்ட மலிவு நிப்புகளின் கதை வேறு. அவை சொரசொரப்பான தாளில் விரைவில் தேயும். தேயும்போது எழுதுபவர் பிடிக்கும் சாய்வுக்கு ஏற்ப ஒரு பட்டை விழும். அந்தப் பட்டை படியும் கோணத்தில் அவருக்கு மட்டும் அது வழுவழுப்பாக ஓடும். வேறு கோணத்தில் பிடிப்பவருக்குக் கீறும். நம் தலைமுறையில் பலரும் எழுதியது அத்தகைய நிப்புகளில்தான். பால்பாயிண்ட் பேனா வந்து சரிவதற்கு முன், சாத்தூரில் நிப்புத் தொழில் செழித்திருந்தது. சேவுக்கும் வெள்ளரிக்கும் இணையாக அந்த ஊருக்குப் பெயர் வாங்கித் தந்தது பேனா நிப்பு. கடைக்காரரிடம் சில்லறை கொடுத்தால் பழையதைக் குறட்டால் பிடுங்கிப் புதியதைச் செருகித் தருவார். நிப்பு தேய்வதும் மாற்றுவதும் அன்று நாள்வழக்கு.

இரவலில் உண்மையான ஆபத்து தேய்மானம் அன்று, அழுத்தம். பால்பாயிண்டில் பழகிய கை அழுத்தி எழுதும். பிளவின் இருபுறத்துக் கால்களும் விரிந்து, ஒன்று மேலும் ஒன்று கீழுமாக நின்றுவிடும். எனவே பழைய நிப்பை வாங்கும்போது பத்து மடங்கு பெருக்கிக் காட்டும் உருப்பெருக்கிக் கண்ணாடியில் முனையை நேர் எதிரே பிடித்துப் பாருங்கள். இரண்டு அரைவட்டங்களும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் பிளவு மேலே சற்று அகன்று, முனைக்கு வரவர மூடிக்கொண்டு வர வேண்டும். முனையில் அகன்று மேலே குறுகியிருந்தால் அந்த நிப்பை வாங்காதீர்கள்.

வடசேரி வாசகன்

அனைவருக்கும் நன்றி. என்னுடையது உடலுக்குள் மை ஊற்றும் வகையே. பாக் நிப்பைத் தர முன்வந்த நண்பரிடம் விளக்கிச் சொல்லிவிட்டேன். மார்த்தாண்டம் தம்பிக்குச் சம்மதமானால் முழுத் தொகுதிகளாகவே மாற்றிக்கொள்ளலாம். இருவருக்கும் நடுவில் தக்கலை இருப்பதால் அங்கே பேருந்து நிலையத்தில் சந்திப்போம். சாருக்கு நேரமிருந்தால் கண்ணாடியோடு வந்து நடுவர் வேலை பார்க்கலாம். என் நிப்பைக் கழுவி உலர்த்தி வைத்திருக்கிறேன். எஃகை அரிக்கக்கூடிய இரும்புக் காடி மை (இரும்பு உப்பு கலந்த அமில மை) அதில் ஒருபோதும் ஊற்றியதில்லை.

மார்த்தாண்டம் பத்திர எழுத்தர்

சம்மதம் அண்ணா. என் ஃபைனில் சென்ற வாரம்வரை கறுப்பு மை இருந்தது. நாக்கின் செதில்களில் கறை மட்டும் நிற்கிறது, அது எழுத்தைப் பாதிக்காது. இரண்டும் எஃகு, இரண்டும் ஒரே நிறுவனம், ஒரே எண். ஆகவே மேற்பணம் எதுவும் வேண்டாம்.

வடசேரி வாசகன்

மாற்று முடிந்தது. சார் இரு நிப்புகளையும் பார்த்தார். ஸ்டப்பில் எதுவும் சொல்வதற்கில்லை. ஃபைனில் இடப்பக்கக் கால் மிகச் சிறிதளவு உயர்ந்திருந்தது. சார் அதைக் கட்டைவிரல் நகத்தால் மேலிருந்து மெதுவாக அழுத்திப் பிடித்து, விட்டு, மீண்டும் பார்த்து, மட்டத்துக்குக் கொண்டுவந்துவிட்டார். மணல்தாள் எதுவும் தேவைப்படவில்லை. மரையில் கிரீஸ் தடவிப் பொருத்தி, மையை முழுதாக நிரப்பி எழுதிப் பார்த்தேன். ‘மண்ணெண்ணெய்’ நோட்டின் கோட்டுக்குள் அடங்குகிறது. சுழிகள் திறந்து நிற்கின்றன, புள்ளி மூன்றும் முதல் தொடுதலிலேயே விழுகின்றன. மை நான் எதிர்பார்த்ததைவிடச் சற்றுத் தாராளமாகவே இறங்குகிறது. கணக்கு நோட்டின் மெல்லிய தாளில் பின்பக்கம் நிழல் தெரிகிறது.

குலசேகரம் ரப்பர்

அதற்கு நிப்பைத் தொட வேண்டாம். சற்று வறண்ட மை, அதாவது குறைவாக இறங்கும் மை ஒன்றை ஊற்றிப் பாருங்கள். பெரும்பாலும் அதிலேயே சரியாகிவிடும். நிப்பின் பிளவை நெருக்குவது கடைசி வழி.

மார்த்தாண்டம் பத்திர எழுத்தர்

ஸ்டப் என்னிடம் நலமாக இருக்கிறது. முத்திரைத் தாளில் தலைப்புக்கு அதையே எடுக்கிறேன். உள்ளுரைக்கு வேறு பேனா. குளச்சல் தங்கைக்கு ஒரு செய்தி: என்னிடம் பைலட் ககுனோ ஃபைன் ஒன்று சும்மா கிடக்கிறது. உங்கள் மெட்ரோபாலிட்டனின் மீடியம் நிப்பைக் கொடுப்பதானால், அதன் ஃபைன் நிப்பைத் தரத் தயார். எழுதிப் பார்த்துவிட்டுப் பிடித்தால் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

குளச்சல் இடக்கை

மிக்க நன்றி அண்ணா. தேர்வு முடிந்ததும் மார்த்தாண்டத்துக்கே வந்து பெற்றுக்கொள்கிறேன். தேர்வு நடக்கும்போது நிப்பை மாற்ற வேண்டாம் என்று வீட்டில் சொல்லியிருக்கிறார்கள்.